படியேறும் சத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஒன்றரைக் காலோடு சௌக்கியம். நீ இரண்டோடும் சௌக்கியமாக இருப்பாய். மாதக்கணக்கில் அலையவிட்டாலும் ஆஸ்பத்திரியில் கடைசியில் செயற்கைக் கால் கொடுத்துவிட்டார்கள், இலவசமாக. அளவெடுத்த டெக்னீஷியன், "போடப்போற ஷூவைக் கொண்டாங்க. அதோட குதி உயரத்துக்குத்தான் பாதத்தை வைக்கணும்" என்றார். என் ஷூதான் லாரிக்கடியில் போய்விட்டதே. அம்மா பரணிலிருந்து அப்பாவுடையதை எடுத்துக் கொடுத்தாள். அவர் போய் இத்தனை வருடமாகியும் தோல் கெடவில்லை.

அச்சகத்துக்குத் திரும்பவும் வேலைக்குப் போகிறேன். ஒன்றுதான் புரியவில்லை. சாயங்காலம் நான் மாடிப்படி ஏறினால் அம்மா ரேடியோவை அணைத்துவிடுகிறாள்.

உன் தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த ஷூவைத் தூக்கிப் போடு. அம்மா ஏன் ரேடியோவை அணைக்கிறாள் என்று உனக்கா தெரியாது? அப்பா படியேறினால் ஒரு அடி கனமாக விழும், மறு அடி தேயும். கேட்டதும் நாம் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வோம். அவர் பெல்ட்டைக் கழற்றுவார். அதற்குப் பயந்துதானே நான் வீட்டை விட்டே போனேன். அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். அதற்குள் மாற்றிவிடு.

அக்கா

ஏப்ரல் 7

அக்கா,

புது ஷூ வாங்கி, வரிசையில் நின்று, பாதத்தையும் மாற்றி வைத்தாயிற்று. சத்தம் மாறவில்லை. டெக்னீஷியன் நடக்கவிட்டுப் பார்த்து, "கால்ல கோளாறு இல்ல சார். நடை உங்களோடது" என்கிறார். விபத்துக்கு முன்னால் நான் இப்படி நடந்ததே இல்லை.

நேற்று என் முகத்தைப் பார்த்த பிறகும் அம்மா கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். பயமாக இருக்கிறது. வா. இது நான்தான் என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

தம்பி

மே 2

தம்பி,

சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். படியில் சத்தம் கேட்டது. எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை, உள் அறையில் தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறேன், நாற்பது வயதுக்காரி. நீ கதவைத் தட்டி, "நான்தான், திற" என்றாய். அப்பாவும் அதையேதான் சொல்வார். நீ குளிக்கப் போனதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

உன்மேல் தப்பில்லை. ஒன்று செய். இனிமேல் பாடிக்கொண்டே படியேறு. அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. பாட்டுக் கேட்டால் நீதான் என்று தெரிந்துவிடும். அப்போது நான் திரும்ப வருகிறேன்.

அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

என் கழுதைக் குரல் உனக்குத் தெரியும். இருந்தாலும் முதல் படியிலிருந்தே பாடிக்கொண்டு ஏறினேன். தட்டுவதற்குள் கதவு திறந்தது. அம்மா நல்ல புடவை கட்டி, தலை வாரி, சிரித்த முகமாக நின்றாள்.

"கல்யாணமான புதுசுல உங்கப்பா இப்படித்தான் பாடிக்கிட்டே ஏறி வருவாரு. நீங்க ரெண்டு பேரும் பொறக்கறதுக்கு முன்னாடி."

ரேடியோ அணைந்துதான் இருந்தது.

நீ வரும்போது தெருவிலிருந்தே குரல் கொடு. காலைக் கழற்றி வைத்துவிட்டு, படிப்படியாக உட்கார்ந்தே இறங்கி வந்துவிடுகிறேன்.

தம்பி