கண்ணாடி போட்ட வரைபடம்

9 ஜூன் 2025, திங்கள்
செந்தமிழ்ச்செல்வியால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் பிரெயிலில் குத்துகிறேன்: அவள் கையைப் பிடித்து நடக்க எனக்குப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் எனக்குத் துணைக்கு விட்டிருக்கும் உதவியாளர், நல்ல பெண்தான். ஆனால் கள்ளக்குறிச்சியின் இந்தப் புது அலுவலகத்தில் கழிவறைக்கு மூன்று வராந்தா தாண்ட வேண்டும். நாற்பது வயதில் ஒன்றுக்குப் போகத் துணைக்கு ஆள் கூப்பிட வேண்டும். தண்ணீரைக் குறைத்துவிட்டேன்.

12 ஜூன்
போனில் வழி சொல்லும் செயலி போட்டுத் தந்தார்கள். "பத்து அடி நேராக, பிறகு வலப்புறம்" என்கிறது. என்னைப் போன்றவர்கள் தடவிப் பார்க்க கோடுகளை மேடாக எழுப்பிய கட்டட வரைபடமும் வாசலில் வந்திருக்கிறதாம். ஆசையாய்க் கையை வைத்தேன். வழவழவென்று கண்ணாடி.

கண்காணிப்பாளர் ஆதிமூலம் சாரைக் கேட்டேன். "கை பட்டா அழுக்காயிடும்மா. தெறப்பு விழா முடியட்டும்" என்றார். பிறகு யார் கைக்காகச் செய்தார்களாம்?

13 ஜூன்
போனை நம்பித் தனியாகக் கிளம்பினேன். எட்டாவது அடியில் யாரோ இழுத்துப் போட்ட பெஞ்சு. முட்டியில் ரத்தம். செல்வி அழுதேவிட்டாள். "நான் இருக்கச்சொல்ல இன்னாத்துக்குக்கா தனியா போறீங்க?" இனி நான் தனியே நடக்கக் கூடாதாம். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். கத்த வேண்டும் போலிருந்தது.

19 ஜூன்
நீர் எரிச்சல். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று டாக்டர் திட்டினார். என்னத்தைச் சொல்ல?

23 ஜூன்
திருநாவலூரில் செல்வியின் தங்கை கல்யாணம், அவள் லீவு. ஐந்தே முக்கால் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதும்.

24 ஜூன்
எல்லாரும் சாப்பிடப் போனதும் நகவெட்டி முனையால் கண்ணாடியின் நாலு திருகாணிகளையும் கழற்றினேன்.

போன் அடுத்த திருப்பத்தை மட்டும் சொல்லும். இங்கே முழுக் கட்டடமும் என் விரலுக்கடியில். என் அறையைத் தேடினேன், கழிவறையைத் தேடினேன். நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர்க் கோடும் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது — வாசல். என் நாற்காலிக்குப் பின்னால்!

ஓடிவந்து கையை நீட்டினேன். இரும்பு பீரோ.

"கதவு இருக்குதுதான். பீரோவுக்கு வேற எடம் இல்லியேம்மா" என்றார் சார். ஆக, எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர. அவரிடமே சொன்னேன்: "பீரோவ நகத்துங்க சார். அதுவரைக்கும் திருகாணி என் பையிலதான் இருக்கும்."

2 ஜூலை
பீரோ இப்போது ஆதிமூலம் சார் அறையில். கதவு வழியாகக் கழிவறைக்குப் பதினான்கு அடி.

பதினொரு மணிக்கு செல்வி என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாக்கா, அதுக்குள்ள காலியா?"

இன்னொரு பாட்டில் பிடித்துவரச் சொன்னேன்.