இல்லாத திட்டில் இருபது கூடுகள்

பதில் எழுதும் வழக்கத்தை விட்டுவிட்ட என் அன்பரே,

வடக்கேயிருந்து இந்தப் பங்குனியின் பறவைக் குறிப்புத் தாள் வந்துவிட்டது. மாசிக் கடைசியில் ஆலாப் பறவைகள் வந்து இறங்கின, ஆறு நன்றாக வற்றியிருக்கிறது, தெற்குத் திட்டின் மணலில் இருபது கூடுகள் என்று, பர்மிய மரியாதையில் நாம் 'கோ' சேர்த்துக் கூப்பிடும் உங்கள் உதவியாளர் கோ முத்தையா எழுதியிருக்கிறார். ஆற்றின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும் எல்லோரையும் நம்ப நான் என்ன குழந்தையா?

காட்டிலாகா வேலையோடு பறவைக் குறிப்பு எழுதுவதையும் கண்மூடும் முன் நீங்கள் அவரிடம் விட்டுப் போனீர்கள். அதைப் படியெடுத்துப் பறவை ஆராய்கிறவர்களுக்கு அனுப்புவது அன்றும் இன்றும் என் பொறுப்பு. மடத்துச் சிஸ்டர்கள் பழக்கிய கையெழுத்து. இத்தனை ஆண்டில் ஓர் அடித்தல் கிடையாது.

ஆனால் தெற்குத் திட்டையே போன மழையில் ஆறு கொண்டுபோய்விட்டதாக அந்தப் பக்கம் போய்வரும் படகோட்டி சொல்லியிருந்தார். இல்லாத மணலில் முட்டை ஏது? மனிதர் வீட்டில் உட்கார்ந்து உங்கள் பழைய தாள்களைப் பார்த்து எழுதுகிறார் என்று முடிவுகட்டினேன்.

சென்ற வாரம் ரங்கூன் வந்த கோ முத்தையா, கியாக்டடாப் பேட்டையில் நம் வீட்டுப் படியேறினார். தேநீர்கூடக் கொடுக்காமல் தாளை நீட்டினேன்.

"கோ முத்தையா, இந்தத் திட்டைக் கண்ணால பாத்தீங்களா?"

"அது போயிடுச்சுங்கம்மா."

"அப்போ இது பொய்யா?"

"ஐயா சொல்லிக்குடுத்த பொய்ங்கம்மா. கூடு இருக்கிற எடத்தை மட்டும் மாத்திப் போடணும்னாரு. மத்ததெல்லாம் நெசம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாரு."

அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணமான புதிதில், ஞாயிறு பூசை முடிந்து, கண்ணாடி அலமாரி நிறைய முட்டை சேர்த்துவைத்த ஒரு துரையிடம் பெருமைக்காக அந்தத் திட்டைச் சொன்னேன். அந்தப் பங்குனியில் ஒரு முட்டையும் மிஞ்சவில்லை. 'வெள்ளம் முந்திக்கொண்டது' என்று எழுதிக் கொடுத்தீர்கள். நானும் அழகாகப் படியெடுத்தேன்.

அது வெள்ளமில்லையே? தெரிந்துகொண்டேதான் இத்தனை காலம் ஒரு சொல் கேட்காமல் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? இன்னும் எதையெல்லாம் வெள்ளத்தின் மேல் போட்டீர்கள்?

"நெச எடத்தைச் சொல்லட்டுமாம்மா?" என்றார் கோ முத்தையா.

"வேண்டாம். என் வாயை நானே நம்பலை. ஆனா பொய்யையாவது திருத்தமாச் சொல்லக்கூடாதா? ஆத்துல இல்லாத திட்டை எந்தத் துரை நம்புவான்? இருக்கிற திட்டாப் பாத்துச் சொல்லுங்க, கூடு இல்லாததா."

பிறகுதான் தேநீர் கொடுத்தேன். தெற்குத் திட்டைக் கோடிட்டு அடித்து, அவர் சொன்ன வேறொரு பெயரை எழுதினேன். என் கையில் விழுந்த முதல் அடித்தல்.

இனி ஒவ்வொரு பங்குனியும் அந்தப் பொய்யை நான் தெரிந்தே எழுதுவேன். பறவைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டேன். இது நீங்கள் நம்பக்கூடிய வாக்கு.

காலம் கடந்து வாயைக் கட்டிக்கொண்ட,
உங்கள் மனைவி