வத்தாளங்கொடியும் வசந்தியின் கண்ணும்

பவளம், என் தங்கச்சி,

நீ இருக்கிற இடத்தில் ஆமிச் சென்றியும் இல்லை, வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்கிற வேலையும் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். ஊர் ஆக்கள் கண்ணில் பட்டாலும் படட்டும். எனக்கு அலுத்துப்போயிற்று. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ போன அன்று இருந்த மாதிரியேதான் நம் படுவான்கரை இருக்கிறது. பொழுது சாய்ந்தால் பாதை ஓடாது. அதற்குப் பிறகு காய்ச்சல் கூடினால் விடியும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். உன்னால் பிடிக்க முடியவில்லை. விறகுக்குக் காட்டுக்குப் போன உன் புருஷனைப் பற்றியும் ஒரு சேதி இல்லை. "பிள்ளையப் பாத்துக்க அக்கா" என்று என் கையைப் பிடித்தாயே, அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இப்போது சொல்ல வந்தேன்.

வட்டைப் பக்கம் போய் வயல் செய்ய ஆமிக்காரர் விடுகிறார்கள் இல்லை. விட்டிருந்தாலும் இந்த முறை மாரி ஏமாற்றிவிட்டது. அரிசியைக் கண்ணால் காண்பதே அருமை. காலையில், புத்தகத்தில் சர்க்கரைவள்ளி என்று படித்தோமே, அந்த வத்தாளங்கிழங்கு அவித்து, மத்தியானம் கிழங்குக் கறி, இரவில் மிச்சக் கிழங்கு. மழை இல்லாத மணல் தரையில் வேறு எது இப்படி விளையும்? குறை சொன்னால் வாய் அழுகிப் போகும். ஆனாலும் வீட்டு வளவில் இருப்பது உனக்குத் தெரிந்த அதே இனம்தான், தோல் சிவப்பு, உள்ளே வெள்ளை. அது வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

உன் வசந்தி பொழுது மங்குகிற செக்கல் நேரத்தில் தட்டுத் தடுமாறத் தொடங்கினாள். கிணற்றடியில் இருந்து சுவரைத் தடவிக்கொண்டு வருவாள். வாளியில் இடறி விழுவாள். "கண்ண எங்க வெச்சிக்கிட்டு நடக்காய்?" என்று நான் ஏசினேன். ஒருநாள் வானம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது, "பெரியம்மா, ஏன் இப்பெல்லாம் நேரத்தோட இருட்டுது?" என்று கேட்டாள். பட்ட காலிலே படும் என்பது சும்மா சொல்லி வைத்ததா?

சைக்கிளில் வருகிற மருத்துவிச்சி அம்மா பிள்ளையின் கண் மடலை இழுத்துப் பார்த்தாள். "இது மாலைக்கண். சத்துக் குறைவு. இப்பிடியே விட்டா முழுசாப் போயிரும்" என்றாள். கொடுக்க வேண்டிய மருந்தை வாவிக்கு அந்தப் பக்கச் சென்றியில் தடுத்து வைத்திருக்கிறார்களாம், எப்போது விடுவார்கள் என்று தெரியாதாம். "வெள்ளைக் கிழங்கில கண்ணுக்கு ஒண்டும் இல்ல. உள்ளுக்கு மஞ்சளா இருக்கிற இனம் எங்கயாவது எடுத்து நடுங்க" என்றாள். பூசணிக்காய் மணம் என்று நீ முகம் சுளிப்பாயே, அந்தக் கிழங்குதான்.

வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் நம் மாமி வளவில் அது நிற்கிறது. போனேன். மாமி நல்ல கொடித் தண்டாகப் பார்த்து வெட்டி, நனைத்த உரப்பையில் சுற்றித் தந்தாள். "சென்றியில கேட்டா 'பத்தல' எண்டு சொல்லுகா. சிங்களத்தில அதான் பேர்" என்றாள். வழி நெடுகப் பத்தல, பத்தல என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

துறையில் ஆமிக்காரன் உரப்பையைக் காட்டி "மே மொனவத?" என்றான், இது என்னவாம். அவன் தோளில் கிடந்த துவக்கைக் கண்டதும் வாய் உளறிவிட்டது. "பற்றரி" என்று சொல்லிவிட்டேன்.

பவளம், குண்டு செய்வார்கள் என்று தடை போட்டிருக்கிற பற்றரியைப் படுவான்கரைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வரிசையில் நின்ற ஆக்கள் எல்லாரும் என்னை விட்டு விலகி நின்றார்கள். உரப்பையைக் கொட்டினார்கள், தண்டை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தார்கள். என்னை வெயிலில் இருத்திவிட்டார்கள். கடைசியில் வயது போன ஒரு ஆமிக்காரன் வந்து ஒரு தண்டை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்து, "பத்தல!" என்று சொல்லிச் சிரித்தான். அவன் வீட்டிலும் நட்டிருப்பான் போல. மற்றவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாடி வதங்கின தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கடைசிப் பாதையில் வந்து சேர்ந்தேன். வரம்பு கட்டி நட்டேன். நல்ல காலம், வத்தாளை வாடினாலும் சாகாது. வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் தண்ணீர், பிறகு பனியே போதும். எரு கூடினால் கொடிதான் கொழுக்கும். மண் வெடித்தால் வண்டு இறங்கும், மண்ணைக் கூட்டி அணைத்துவிட வேண்டும். எல்லாம் செய்தேன். ஆனால் கிழங்கு விழ நாலு மாதமாவது வேண்டும். பிள்ளையின் கண் அதுவரை காத்திருக்குமா?

மருத்துவிச்சி மறுகா ஒருநாள் வந்தபோது நான் பழைய கொடியை அறுத்து ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை.

"இந்தக் குருத்தையா ஆட்டுக்குப் போடுறீங்க? வெள்ளைக் கிழங்கெண்டாலும் இலையில சத்திருக்கு. சுண்டிப் பிள்ளைக்குக் குடுங்க. துருவின தேங்காப்பூ நல்லாப் போடணும், இல்லாட்டி அந்தச் சத்து உடம்பில சேராது."

"இத முதல்லயே சொல்லக் கூடாதா மிஸி?"

"கிழங்கு திண்ணுறம் எண்டுதானே சொன்னீங்க? கொடி இருக்கெண்டு சொன்னீங்களா? ஆட்டுக்குக் கண் நல்லாத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. நல்ல வீடு போங்க!"

அவள் சொன்னதில் என்ன பிழை? வத்தாளை என்றால் நமக்குக் கிழங்குதான். கொடி ஆட்டுக்கு. அந்த வெயிலும் அந்தத் துவக்கும் எதற்கு என்று நினைத்தால் அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. யார் மேல் கோபப்பட? அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் குருத்திலைச் சுண்டல். "நான் என்ன ஆடா?" என்று வசந்தி கேட்டாள். உன் வாய்தான் அவளுக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு நான் பகலில் அழுவதில்லை. பிள்ளை பார்த்துவிடுவாள். இரவில் பக்கத்தில் படுப்பாள், விசும்பினால் கேட்டுவிடும். செக்கல் நேரம் ஒன்றுதான் எனக்கு வாய்த்தது. அடுப்படி வாசலில் குந்தி இருந்து சத்தமில்லாமல் அழுவேன். அவள் எதிரிலேயே இருப்பாள், ஒன்றும் தெரியாது. அவளுக்குக் கண் தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என்னை என்ன நினைப்பாய்?

நேற்றும் அப்படித்தான் இருந்தேன். விளக்கு இன்னும் கொளுத்தவில்லை. வசந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி, எதையும் தடவாமல் நேரே வந்து, தன் சட்டை நுனியால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"ஏன் பெரியம்மா அழுறீங்க?"

தங்கச்சி, பிள்ளைக்குக் கண் தெரிகிறது. இனிச் செக்கலிலும் நான் அழமாட்டேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

உன் பிள்ளைக்குப் பெரியம்மாவாகவும், உனக்கு எப்போதும் மூத்தவளாகவும் இருக்கிற
அக்கா