எண்பது பவுண்டு நரம்பு

மே 12, திங்கள்

பதினேழு சாட். பதினாறு பேருக்குப் பார்சல் வரவில்லை என்ற புலம்பல். பதினேழாவது ஆள் வேறு மாதிரி. சிட்னிக்குத் தெற்கே ஏதோ கடற்கரை ஊர். ஆழ்கடலில் டூனா பிடிக்க ஃப்ளை தூண்டில் வேண்டுமாம், முதல் தடவையாம். ராடிலிருந்து கொக்கி வரை எல்லாம் நீங்களே தேர்ந்து சொல்லுங்கள் என்றார்.

நான்! பி.எஸ்சி. கணிதம். கடலைத் திருச்செந்தூரில் முழங்கால் வரை தெரியும். ஆய்க்குடி ரோட்டில் இருக்கிற ஆபீஸில் விடியற்காலை நாலரைக்கு உட்கார்ந்து ஆஸ்திரேலியத் தூண்டில் கடைக்காரியாக மாறுகிறேன். அங்கே என் பெயர் ஹேலி.

பயிற்சித் தாளைப் பார்த்துச் சொன்னேன். பத்தாம் நம்பர் ராடு வீசுவதற்குச் சுலபம். ஆனால் டூனா படகுக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டால் அதைத் தூக்கத் தெம்பு போதாது. பன்னிரண்டாம் நம்பர்தான். நடுவில் 'டூ ஒன் திங், சார்' என்று அடித்துவிட்டேன். உடனே வந்தது: "நீங்க தமிழா?"

ஊரைச் சொல்லக்கூடாது என்பது விதி. தென்காசி என்று சொல்லிவிட்டேன். மூன்று புள்ளிகள் துள்ளிக்கொண்டே இருந்தன, ரொம்ப நேரம். பிறகு: "நான் சன்னதித் தெரு. அனந்தநாராயணன். முப்பது வருஷம் ஆச்சு."

மே 21, புதன்

இன்றைக்கு ரீல். உப்புத் தண்ணீர் உள்ளே புகாத பிரேக் உள்ளதாக ஒன்று. டூனா முதல் ஓட்டத்திலேயே இருநூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போகும், அதற்கு ஈடாக அடியில் நானூறு மீட்டர் பேக்கிங் நூல். வேகமாக மூழ்கும் லைன். ஃப்ளை என்றால் ஈ இல்லை. கொக்கியில் இறகும் மினுக்கு இழையும் வைத்துக் கட்டிய பொய் நெத்திலி. ஆறு எடுத்துக்கொடுத்தேன்.

கடைசியாக நுனி நரம்பு. இருபது பவுண்டு. எல்லாவற்றையும்விட அதுதான் மெலிசு. ஏன் என்று கேட்டார். எங்கேயாவது அறுந்தாக வேண்டும் சார், அறுந்தால் அங்கேதான் அறுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள் என்றேன். "பேஷ்" என்றார்.

பிடித்த மீனை விட்டுவிடுவாராம். "எங்காத்துல வெங்காயமே சேர்க்க மாட்டா. அம்மாவுக்குத் தெரிஞ்சா தலை முழுகிடுவா."

வீட்டில் அத்தையிடம் டூனா என்றால் நம்ம சூரைதான் என்று சொன்னேன். "சூரைக்கா இம்புட்டுச் சாமான்? செங்கோட்டைச் சந்தையில கெடக்கு, கேக்க ஆளில்லாம" என்றாள். நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும். சிரிப்பார்.

மே 30, வெள்ளி

"சாரல் வந்துடுத்தா?" — அதற்காக மட்டும் அனந்தநாராயணன் சார் ஒரு சாட் திறந்திருக்கிறார். வந்துவிட்டது என்றேன். நன்றி சொல்லி மூடிவிட்டார்.

ஜூன் 11, புதன்

என் பிள்ளை குழலிக்கு நூற்று மூன்று டிகிரி. இரண்டரை வயதில் இதென்ன காய்ச்சல். கிளம்பும்போதே உடம்பு கொதித்தது. லீவு கேட்டேன், மேனேஜர் கிருஷ்ணா சார் ஆள் இல்லை என்றுவிட்டார். ட்ராயரில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை அத்தை. அந்த நேரம் பார்த்து அனந்தநாராயணன் சார்.

இரண்டு மீன் போய்விட்டதாம். இரண்டும் நுனி நரம்பு அறுந்து. ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு விடணும், வேறு ஆசை இல்லை, எண்பது பவுண்டு போட்டால் என்ன என்று கேட்டார். கூடாது. தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை விளக்க வேண்டும், அவர் மறுபடி கேட்பார், ஊர்க் கதை வரும், அவராக மூடாமல் நான் எழுந்திருக்க முடியாது. நாலாவது தடவை போன்.

'எண்பது எடுத்துக்கோங்க சார், பயமில்லை' என்று அடித்தேன். ஆர்டர் போட்டுவிட்டு மூடிவிட்டார். நான் பாத்ரூமுக்கு ஓடிப் போன் பண்ணினேன். பிள்ளை தூங்கிட்டா, ஈரத்துணி போட்டிருக்கேன் என்றாள் அத்தை.

ஜூன் 12

விடியற்காலை காய்ச்சல் விட்டது. இட்லி கேட்டாள். தெய்வமே.

ஜூன் 24, செவ்வாய்

எப்படி எழுதுவது.

பக்கத்து சீட் சமீனாவுக்குத்தான் அந்தச் சாட் வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் தோளைத் தொட்டாள். "ஏட்டி வேலு... ஒன் சன்னதித் தெருக்காரர் மவுத்தாயிட்டாராம்ட்டி."

அவர் மனைவி இங்கிலீஷில் எழுதியிருந்தாள். என் கணவர் சனிக்கிழமை கடலில் மீன்பிடிக்கும்போது இறந்துவிட்டார், இந்தக் கணக்குக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்தவும். அவ்வளவுதான். சமீனா அனுதாபப் பதிலை எடுத்து ஒட்டி அனுப்பினாள். அதற்கென்று ஒரு பதில் தயாராகவே இருக்கிறது எங்களிடம்.

எப்படி இறந்தார்? நரம்பு போய்ச் சேர்ந்திருந்ததா? கணக்கைத் திறந்தால் பார்சல் என்றைக்குக் கிடைத்தது என்று தெரிந்துவிடும். ஒரு க்ளிக். கை போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

பயிற்சியில் தந்த சாம்பிள் நரம்புகள் என் பையில் கிடந்தன. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் பின்கட்டு இரும்புக் கொக்கியில் இருபதைக் கட்டி வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். முக்கால் வாளிகூட நிறையவில்லை, டப்பென்று போய்விட்டது. பிறகு எண்பது. முழு வாளி. அதற்குள் ஆட்டுரல் குழவியையும் இறக்கினேன். அசையவில்லை. வாளியை இறக்கிவிட்டு நரம்பை ஒரு கையால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

"என்னட்டி கோட்டித்தனம் பண்ணுத? குழாய்ல தண்ணி வந்து ரெண்டு நாளாவுது, முத்தத்துல ஊத்திக்கிட்டு நிக்க!" — அத்தை.

கோடு ராத்திரியும் போகவில்லை. இப்போதும் பார்க்கிறேன், எழுதுகிற கையில்.

ஜூலை 1, செவ்வாய்

குழலியைக் குளிப்பாட்டினேன். அரைஞாண் கயிற்றுக்குள் என் விரல் மாட்டிக்கொண்டது. சோப்பு வேறு. இழுக்க இழுக்க இறுகுது, அவ சிரிக்கா, எனக்கு அந்த எண்பது பவுண்டு ஞாபகம் வந்துட்டு. கத்திரிக்கோலை எடுத்து வெட்டிட்டேன்.

அத்தை போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "உலகம்மன் கோயில்ல மந்திரிச்சுக் கட்டுன கயிறு! பிள்ளைக்கு ஆகாதது என்னத்தட்டி கண்ட?" உடனே மகனுக்கு, ராஜஸ்தானுக்குப் போன். என் வீட்டுக்காரர் செந்தில்வேல் அங்கேதான் எல்லைக் காவலில் இருக்கிறார். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். சொன்னேன், எல்லாவற்றையும்.

"அந்தாளு செத்ததுக்கு நீ என்னட்டி செய்வ? நீயா கடல்ல தள்ளிவிட்ட?"

தெரியல என்றேன். பிறகு, "இங்கன லீவு தர மாட்டேங்கானுவ" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

எங்கள் திரையில் யாராவது கடைப் பக்கத்தைத் திறந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். இன்று காலை ஆறு பத்துக்கு அனந்தநாராயணன் பெயரில் எரிந்தது.

நாலு நிமிடம். எதுவும் அடிக்கவில்லை. அணைந்துவிட்டது.

சமீனாவைக் கூப்பிட்டேன். அவள் பார்ப்பதற்குள் இல்லை.

ஜூலை 7, திங்கள்

மறுபடியும். அதே ஆறு பத்து. என்னைப் பார்த்துக்கொண்டு யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி. என்ன வேணும் உங்களுக்கு? என்ன சார் வேணும்?

கணக்கைத் திறந்தேன். பார்சல் ஜூன் 18 மத்தியானம் சேர்ந்திருக்கிறது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அவர் இறந்த சனிக்கிழமை ஜூன் 21.

மூன்று நாள் இருந்திருக்கிறது அவர் கையில்.

ஜூலை 9, புதன்

ஆறு பத்து. பச்சைப் புள்ளி. இந்தத் தடவை எழுத்து வந்தது. தமிழில்.

"தென்காசிப் பொண்ணு நீங்கதானே? நான் ஸ்வர்ணா, அவரோட ஆத்துக்காரி. அவர் கணக்குல வந்து உங்க சாட்டைத்தான் படிச்சிண்டிருக்கேன். அஸ்தி எடுத்துண்டு ஊருக்கு வரேன். இருபதாம் தேதி உங்களைப் பாக்கணும். ஆத்துல வேண்டாம், அவர் மீன் பிடிச்சது மாமியாருக்குத் தெரியாது. ஆபீஸ்காராளோட போட்ல போனப்போ விழுந்துட்டார்னு சொல்லியிருக்கோம். குத்தாலத்துக்கு வரேளா?"

அவள் படித்திருக்கிறாள். 'பயமில்லை' என்று நான் எழுதியதையும்தான்.

வருகிறேன் என்று அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஐந்தருவி. நல்ல சீசன் கூட்டம். கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், மங்குஸ்தான் கடை ஓரமாகக் குடையோடு ஸ்வர்ணா நின்றாள். நாற்பத்தைந்து இருக்கும். காட்டன் சுடிதார். அவளே பேசினாள்.

"ஃப்ரெண்டோட போட். நல்ல பெரிய மீனா மாட்டியிருக்கு. ரெண்டு மணி நேரம் போராடி பக்கத்துல கொண்டுவந்துட்டார். கம்புல மாட்டின கொக்கியால குத்தி ஏத்திடலாம்னு ஃப்ரெண்ட் சொல்லியிருக்கார். இவர் கூடவே கூடாதுன்னுட்டார். ராடை அவர்கிட்ட குடுத்துட்டு, நரம்பைக் கையில சுத்திப் பிடிச்சிண்டு குனிஞ்சிருக்கார், கழட்டி விடறதுக்கு. அது ஒரு முழுக்கு போட்டுது. இவரும் கூடவே."

மழைச்சாரலில் குடை ஆடியது. சரிசெய்துகொண்டாள்.

"கொஞ்ச நேரத்துல மீன் கழண்டு போயிடுத்து. இவர் மேல வரல, நரம்பு கையிலயே சுத்தியிருந்தது. ஃப்ரெண்ட் ராடை விடவே இல்லை. நாப்பது நிமிஷம் சுத்திச் சுத்தி இழுத்திருக்கார். அந்தக் கடல்ல போனவா யாரும் கெடைச்சதில்லையாம். சாதாரண நரம்பா இருந்தா அறுந்திருக்கும், உங்களுக்கு எரிக்கறதுக்குக்கூட ஒண்ணும் கெடைச்சிருக்காதுன்னு ஃப்ரெண்ட் சொன்னார். அப்புறம்தான் சாட்டைத் தேடிப் படிச்சேன். எண்பது எடுத்துக்கோங்கன்னு நீங்கதான் சொல்லியிருக்கேள்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அதுக்குத்தான் வரச் சொன்னேன். உங்களாலதான் அவர் ஆத்துக்கு வந்தார்."

பேசாம இருந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கும் ஒரு பிடி, எனக்கும் ஒரு பிடி. இருந்திருக்கலாம்லா? ஏன் வாயைத் திறந்தேன்?

"இல்ல மேடம். தப்பாச் சொல்லிட்டேன். இருபதா இருந்தா மீன் முழுக்குப் போட்ட ஒடனே அங்கனயே அறுந்திருக்கும். மீன்தான் போயிருக்கும். சார் விழுந்தே இருக்க மாட்டாவ. எனக்குத் தெரியும், தாள்ல போட்டிருக்கு. அன்னைக்கு என் பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டுல இருந்து போன் மேல போன். சீக்கிரம் முடிக்கணும்னுதான் சரின்னு சொன்னேன்."

கையை எடுத்துக்கொண்டாள். மெதுவாக, சுடுகிற பாத்திரத்தை விடுகிற மாதிரி. ஈர வேட்டியோடு ஒரு கும்பல் கத்திக்கொண்டே எங்களுக்கு நடுவில் புகுந்து போனது. "ஏலே, எண்ணெய்க் குப்பிய எங்கனலே வச்ச?" அவர்கள் போகிற வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"கொழந்தைக்கு எப்போ ஜொரம் விட்டுது?"

"மறுநாள் விடியக்காலம்."

தலையை ஆட்டினாள். குடையை மடக்கிக்கொண்டு காருக்குப் போனாள். திரும்பவில்லை.

மன்னித்தாளா? அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாரிடம் கேட்க.

ஜூலை 24, வியாழன்

எண்பது பவுண்டு கேட்கிறவர்களுக்கு எச்சரிக்கை ஒன்று தானாகத் திரையில் வரும்படி செய்யலாமா என்று கிருஷ்ணா சாரிடம் கேட்டேன். நடந்ததையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கம்ப்ளெயின்ட் வந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏம்மா நீயே போய் நோண்டுத?"

நோண்டவில்லை, இதுதான் நடந்தது என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு சாட்டுக்கு எட்டு நிமிடம் என்கிற கணக்கை மட்டும் மறுபடி நினைவுபடுத்தினார்.

ஆகஸ்ட் 2, சனி

தூங்கும்போது குழலியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறேனாம். அத்தை சொல்கிறாள். பிள்ளை கை சிவந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

டூனா. முதல் தடவை. புது ஆள், வடக்கே எங்கேயோ ஒரு ஊர், இருபத்தாறு வயதாம். ராடு, ரீல், லைன் எல்லாம் தேர்ந்து வைத்திருக்கிறார், நுனிக்கு எண்பது பவுண்டு கேட்டார். மீன் தப்பக்கூடாதாம்.

வேண்டாம் என்று ஆரம்பித்தேன். இருபது போதும். நரம்பை ஒருபோதும் கையில் சுத்தாதீர்கள். கையுறை போடுங்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். எந்தக் கையாலும் எடுக்கிற மாதிரி இடுப்பில் கத்தி வையுங்கள். தனியாகப் போவீர்களா? யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள்? எட்டு நிமிடம் தாண்டியது, திரை சிவந்தது. கிருஷ்ணா சார் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நாற்பத்தொரு நிமிடம்.

கடைசியில் அந்தப் பையன் எரிச்சலாகக் கேட்டான்: மீன் போனால் போகட்டும் என்கிறீர்களா?

ஆமாம் என்று அடித்தேன்.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் போட்டான். ஆர்டரைத் திறந்து பார்த்தேன். இருபதுதான் வாங்கியிருக்கிறான்.