ஏர்கன்னும் என் கையும்

ஜனவரி 12, ஞாயிறு

நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சர்ச் திருவிழாவில் பலூன் சுடும் போட்டி. மச்சான் அருள் தன் ஏர்கன்னை நேற்றே தந்திருந்தான். ஐந்து குண்டு சுட்டேன், ஒரு பலூன்கூட உடையவில்லை. ஒவ்வொரு தடவையும் குழலில் புகை வேறு!

"உங்க கை நடுங்குது, துப்பாக்கிய சொல்லாதீங்க" என்றாள் என் மனைவி மேரி, எல்லார் முன்னாலும். வந்த கோபத்தில், அது ஓட்டைத் துப்பாக்கி என்று அருளிடமே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டேன். அப்போதும் குண்டு கண்டபடி போனது. "இப்போ எந்தக் கை நடுங்குது?" என்று மேரியிடம் கேட்டேன்.

கூடவே வந்திருந்த அருள் குழலை மோந்து பார்த்தான். "இன்னா மாமா, உள்ள எண்ணெ ஊத்துனீங்களா? ஊத்துனா பத்திக்கும், குண்டு தாறுமாறா போவும்."

வேலை பார்க்கும் சுரங்கத்தில், காற்றழுத்தத்தில் ஓடும் டிரில் மெஷினுக்கு எண்ணெய் ஊற்றாமல் நான் காற்றைத் திறந்ததே இல்லை. இதுவும் காற்றில் ஓடுவதுதானே என்று நேற்று தாராளமாக ஊற்றினேன்.

"நான் எதுக்குடா ஊத்தப் போறேன்?" என்றேன்.

அருள் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது நடுங்கியது.