இருபது குறைந்து இருபது கூடினால்

காலை டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் பிலோமினா, தூங்கிக்கொண்டிருந்த கணவன் அகஸ்டினை எழுப்பவில்லை. ஒரு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"ஏங்க கணக்குப் புலி,

இட்லி ஹாட்பேக்ல இருக்கு. சிலிண்டர்காரர் வருவார், கதவைத் திறங்க.

நேத்து நம்ம மரியா, கணக்கு மார்க் இருபது சதவீதம் குறைஞ்சு, அடுத்த பரீட்சையில இருபது சதவீதம் கூடிருச்சுன்னு சொன்னா. 'அப்போ பழைய எழுபத்தஞ்சு வரணுமே, ஏன் எழுபத்திரண்டு? பொய்யாடி சொல்ற?'ன்னு கத்தினீங்க. புள்ள சாப்பிடாம படுத்துட்டா.

பழைய மார்க் x. குறைஞ்சா 0.8x. அந்தக் குறைஞ்ச மார்க்குல இருபது சதவீதம் கூடினா 0.96x. x எழுபத்தஞ்சுன்னா எழுபத்திரண்டுதான் வரும். அவ பொய் சொல்லல. அவ புஸ்தகத்துலயே இருக்கு, ஒருதடவை படிங்க.

எழுந்ததும் அவகிட்ட ஸாரி சொல்லுங்க."

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"நேத்து உங்க மேல இருந்த மரியாதையும் இருபது சதவீதம் குறைஞ்சிருச்சு. எண்பது திரும்ப நூறாகணும்னா இருபது போதாது, இருபத்தஞ்சு சதவீதம் கூடணும். ஸாரிக்கு இருபதுதான் தருவேன். மீதிக்குப் பாத்திரம் கழுவி வைங்க."