நீ அனுப்பிய சார்ஜரும் வாசல் மணியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், உடம்பு ஏதோ சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. மாப்பிள்ளையின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாற்காலியை விட்டு நடுநடுவே எழுந்து நடக்கச் சொல். குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோவைப் பார்த்தேன், சிரிப்பு அப்படியே உன் அம்மா. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ ஒரு நிமிஷம்ப்பா என்று போய்விடுகிறாய், திரும்பி வருவதற்குள் எங்கே விட்டேன் என்று எனக்கு மறந்துவிடுகிறது, கடைசியில் இரண்டு பேரும் சாப்பிட்டாச்சா சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். குறையாகச் சொல்லவில்லை அம்மா, உனக்கு ஆயிரம் வேலை. காகிதம் என்றால் முழுவதும் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பேட்டரி சார்ஜர் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கையடக்கப் பெட்டி, கீழே நாலு பள்ளம், குண்டு பேட்டரியும் உட்காருகிறது ஒல்லி பேட்டரியும் உட்காருகிறது, மேலே சதுர பேட்டரிக்குத் தனி இடம், பக்கத்தில் போன் வயர் சொருக ஓட்டை. ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்துபோகிறது என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதற்கு ஒரு மின்சார நிலையத்தையே அனுப்பிவிட்டாய். கூட வந்த புத்தகத்தில் எழுத்து எள்ளு மாதிரி இருந்தது. படிக்கப் பொறுமை இல்லாமல் முதலில் ரிமோட்டில் இருந்த சாதாரண பேட்டரியையே எடுத்துப் போட்டுவிட்டேன், அது திட்டுகிற மாதிரி சிவப்பாக மினுக்கியது. பயந்து வெளியே எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்தேன். சாதாரண பேட்டரியை அதில் போடவே கூடாதாம், சூடாகி ஒழுகிவிடுமாம், திரும்பத் திரும்ப ஏற்றுகிற வகை மட்டும்தானாம். நீ கூடவே வைத்திருந்தவற்றை அதன் பிறகுதான் போட்டேன். ஒவ்வொரு பேட்டரியிலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தனித்தனியாகத் திரையில் காட்டுகிறது. உன் அம்மாவின் ரேடியோவில் இந்த ரகத்தில் பழசு இரண்டு கிடந்தது, அவள் போன பிறகு அதை யாரும் தொடவில்லை, செத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். பட்டனை மாற்றி அழுத்தினால் மிச்சமிருப்பதை முழுவதும் வடித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறது, திரும்பவும் வடிக்கிறது, திரும்பவும் ஏற்றுகிறது. நான் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் என்னைத் தவிர ஏதோ ஒன்று தானாக வேலை செய்துகொண்டிருக்கிறதே என்று எனக்கு அதைப் பார்க்கவே பிடித்திருந்தது. மறுநாள் ரேடியோ பாடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டேன், அவள் வைத்திருந்த அதே ஸ்டேஷன்.

கீழ்வீட்டு டிரைவரைப் பற்றி நீ ஒவ்வொரு தடவையும் கேட்பாய், நான் நல்லா இருக்கார் நல்லா இருக்கார் என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். ரயில் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன், முட்டி வலியோடு மூன்று மாடி ஏறி மத்தியானம் தவறாமல் கேரம் ஆட வருவாரே, அவர் வருவதே நின்றுபோயிருந்தது. கடைசியாக ஆடிய அன்று, கைக்கு எட்டும் காயைக்கூட விட்டுக்கொண்டிருந்தார். நான் கிண்டலாக, கண்ணாடியத் தொடச்சிட்டு ஆடுங்க டிரைவர், இந்தக் கண்ண வெச்சிக்கிட்டு சிக்னல எப்படித்தான் பாத்தீங்களோ என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போய்விட்டது. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வரேன் மாஸ்டர் என்று இறங்கிப் போனார். தையல் கடையில் கட்டிங் டேபிளில் நின்று எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன், எல்லாரும் மறுநாள் சிரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இவரும் வருவார் என்று இருந்தேன். வரவில்லை. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வீம்பா, வந்தால் வரட்டும் வராவிட்டால் போகட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். கடைக்குப் போகும்போது அவர் கதவைப் பார்க்காமலே இறங்குவேன். அவர் மட்டுமில்லை, பிறகு யாருமே வரவில்லை. இஸ்திரி போடுகிறவர் துணியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார், தண்ணீர் கேன்காரர் கேனை வெளியிலேயே வைத்துவிடுகிறார். மனுஷ முகமே பார்க்காமல் நாள் போனது அம்மா. டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் வாய்விட்டு வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், சிரிக்காதே. வயசாகிவிட்டால் இப்படித்தான் ஒவ்வொருவராக விலகிப்போவார்கள் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சார்ஜர் வந்த உற்சாகத்தில் வீட்டில் பேட்டரி போட்ட சாமான் எதையும் விடவில்லை. சுவர்க் கடிகாரம், டார்ச், பிரஷர் பார்க்கிற மெஷின், எல்லாவற்றையும் திறந்து பழசை எடுத்துவிட்டு ஏற்றியதைப் போட்டேன். கடைசியில் வாசல் மணியின் ஞாபகம் வந்தது. வெளியே பட்டன், ஹாலில் அலமாரி மேல் பெட்டி, வயர் இல்லாத மணி. பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரி ஒழுகி உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எடுக்கவே முடியவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் எடுத்தேன். பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து, காயவைத்து, புது பேட்டரியைப் போட்டுவிட்டு வெளியே போய் பட்டனை அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. எனக்குக் கை அப்படியே பட்டன்மேல் நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று எனக்கே தெரியவில்லை. நான் பின் அறையில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவன், ஃபேன் வேறு கடகடவென்று சத்தம் போடும், கதவை மெதுவாகத் தட்டினால் காதில் விழாது. அப்படியென்றால் யார் யார் வந்து இங்கே நின்றார்களோ?

சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கீழே போனேன். கதவைத் திறந்த டிரைவர் ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி போட்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். என்ன டிரைவர் இது என்றேன். ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வழிவிட்டு நின்றார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தேன். மணி செத்துக்கிடந்த கதையைச் சொன்னேன். அவர் சொன்னார், மூணு தடவ மேல வந்து பெல்ல அழுத்தினேன் மாஸ்டர், உள்ள டிவி சத்தம் கேக்குது, நீங்க கதவத் தொறக்கல, சரி நம்மளப் பாக்க இஷ்டம் இல்லபோலன்னு எறங்கிட்டேன் என்று. எதுக்கு வந்தீங்க என்றேன். கண்ணுல புரை முத்திப்போச்சாம், கூட ஒரு ஆள் வரணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க, உங்களத் தவிர எனக்கு யாரத் தெரியும் என்றார். அவர் மகன் கப்பலில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியுமே. தனியாகவே போயிருக்கிறார். கூட யாரு என்று கேட்டதற்கு வெளியே டீ வாங்கப் போயிருக்காங்க என்று பொய் சொல்லிச் சமாளித்திருக்கிறார். திரும்பும்போது ஆட்டோக்காரர்தான் கையைப் பிடித்துக் கதவுவரை கொண்டுவந்து விட்டாராம். அடுப்பு வெக்கை கண்ணுக்கு ஆகாது என்று சமைக்காமல் பன்னையும் பாலையும் வைத்தே ஓட்டியிருக்கிறார். அவர் தலைக்கு மேல் நான் ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்து, மீந்ததைக் கொட்டிக்கொண்டு, யாரும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன். நீங்க தட்டியிருக்கலாமே என்று மட்டும் கேட்டேன். நீங்க எறங்கி வந்திருக்கலாமே என்றார். நான் எழுந்து மேலே போய், அன்றைக்கு வைத்த குழம்பையும் சோற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இப்போது இரண்டு வேளையும் சாப்பாட்டைக் கீழே கொண்டுபோகிறேன். கண்ணுக்கு மருந்தும் நான்தான் விடுகிறேன், விடும்போதெல்லாம் சின்னப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டுகிறார், அதட்டித்தான் விட வேண்டியிருக்கிறது. இன்னும் பழைய பேச்சு முழுதாக வரவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிடுகிறார், நானும் துருவிக் கேட்பதில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு மேலே வந்தால் வீடு பழையபடி வீடுதான், அதை மாற்ற எந்தப் பெட்டியிலும் பட்டன் இல்லை. ஆனால் கீழே ஒரு ஆளுக்கு ஆறு மணிக்கு மருந்து விட வேண்டும் என்பது இருக்கிறது பார், அதற்காகவாவது கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

முந்தாநாள் கண்ணைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்லபடியாக ஆறியிருக்கிறது, இன்னொரு கண்ணையும் அடுத்த மாதம் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே நர்ஸ் பேப்பரை வைத்துக்கொண்டு, கூட வந்தவங்க யாரு, பேஷண்ட்டுக்கு என்ன உறவு என்று கேட்டாள். மேல்வீட்டுக்காரன் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டு, எங்க அண்ணன் என்று சொல்லிவிட்டார். என்னைவிட மூன்று வயது மூத்த மனுஷன் அவர். அந்தப் பெண் நிமிர்ந்து என் மொட்டைத் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்தேகமே படாமல் எழுதிக்கொண்டாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, எந்தக் குறையும் அண்டாமல் நிறைவாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை பகலில் போன் செய்யாதே, எடுக்கவில்லையே என்று கலங்கவும் வேண்டாம். அண்ணன்காரன் ஆஸ்பத்திரியில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா